அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைகள்: சொந்தக் கட்சி கைவிட்டால்தான் தலை உருளும்

ஈரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியலில் என் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்குத்தான். நடுநிலை வேடம் எனக்குப் பொருந்தாது. நான் எழுதுவதைப் படித்துவிட்டுத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஆனால் தகவலோடு திட்டுங்கள்.

எந்த விவகாரம் வெடித்தாலும் உடனே "வாட்டர்கேட் மாதிரி ஒரு விசாரணை வைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்" என்று கிளம்புகிறார்கள். வாட்டர்கேட் என்பது 1972இல் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் அத்துமீறி நுழைந்ததை மூடிமறைக்கப் போய், குடியரசுக் கட்சியின் குடியரசுத் தலைவர் நிக்ஸன் பதவி இழந்த விவகாரம். அதில் உண்மையில் நடந்தது என்ன? 1973 பிப்ரவரியில் செனட் அந்த விசாரணைக் குழுவை அமைத்தபோது வாக்கு 77க்கு 0. நிக்ஸனின் சொந்தக் கட்சியிலேயே ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அந்த மனிதர் 49 மாநிலங்களை வென்றிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெள்ளை மாளிகையில் பேச்சுகளைப் பதிவுசெய்யும் ஒலிநாடாக்கள் இருந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது யார்? 1973 ஜூலை 13 அன்று மூடிய அறையில் நிக்ஸனின் முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் டொனால்ட் சாண்டர்ஸ். குழுவில் குடியரசுக் கட்சித் தரப்பு வழக்கறிஞர். மூன்று நாள் கழித்துத் தொலைக்காட்சி முன்னால் அதே கேள்வியைக் கேட்ட ஃப்ரெட் தாம்ஸனும் அதே தரப்புதான். அடுத்த வருடம் காங்கிரஸின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு, பதவிநீக்கத்துக்கான முதல் குற்றச்சாட்டை 27க்கு 11 என்று நிறைவேற்றியபோது ஆறு குடியரசுக் கட்சியினர் சேர்ந்து வாக்களித்தார்கள். கடைசியில் 1974 ஆகஸ்ட் 7 அன்று வெள்ளை மாளிகைக்குப் போய் "செனட்டில் உங்களுக்கு ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ். மூவரும் நிக்ஸனின் கட்சி. மறுநாள் இரவே ராஜினாமா அறிவிப்பு வந்துவிட்டது.

சாம் எர்வின் தலைமையிலான அந்தக் குழு பெரிய வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் குழு வெட்டியது குழி மட்டும்தான். தள்ளிவிட்டது கூட இருந்தவர்கள்.

அரசியல்வாதிகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் "தப்பு செய்யாதே" என்பது அல்ல. "பதிவு வைத்துக்கொள்ளாதே, சொந்தக் கட்சியைக் கையை விட்டு நழுவவிடாதே." அதற்குப் பிறகு வந்த எல்லா விவகாரச் சமாளிப்பும் இந்த இரண்டுக்குள் அடங்கும். லிபியாவில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டது பற்றிய பென்காஸி விசாரணை போல வெறும் தேர்தல் வேலைக்காக நடந்தவற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2021இல் ட்ரம்ப் ஆதரவாளர்கள் காங்கிரஸ் கட்டடத்தைத் தாக்கியதை விசாரித்த ஜனவரி 6 குழு உண்மையான விசாரணை. ஆனாலும் அது யாரையும் கவிழ்க்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த இழை.

டல்லாஸ் தம்பி

அண்ணே, வணக்கம். வாட்டர்கேட் வரை நன்றாகத்தான் போனீர்கள். கடைசிப் பத்தியில் கட்சிக்கொடி வெளியே வந்துவிட்டது.

பென்காஸி "வெறும் தேர்தல் வேலை"யா? 2012 செப்டம்பர் 11 அன்று தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு அமெரிக்கர்கள் செத்துப்போனார்கள். பாதுகாப்பில் அமைப்பு ரீதியான கோளாறு இருந்தது என்று வெளியுறவுத் துறை தானே அமைத்த மறுஆய்வுக் குழுவே அந்த டிசம்பரில் சொன்னது. பிறகு கீழ்சபையில் ட்ரே கவுடி தலைமையிலான பென்காஸி குழு காகிதங்களைக் கேட்டுக் குடைந்ததால்தான், தாக்குதலின்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி க்ளின்டன் வீட்டில் தனி மின்னஞ்சல் சர்வர் வைத்து அரசாங்க வேலை பார்த்த கதை 2015 மார்ச்சில் வெளிவந்தது. கேட்டிருக்காவிட்டால் அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு விசாரணை எதைத் தேடிப் போனதோ அது கிடைக்காமல் வேறொன்று கிடைத்தால் அது பொய் விசாரணை ஆகிவிடுமா? உங்கள் பட்டர்ஃபீல்டும் அப்படிக் கிடைத்தவர்தானே!

ஜனவரி 6 குழுவில் எங்கள் கட்சி அனுப்பிய ஜிம் பேங்க்ஸையும் ஜிம் ஜோர்டனையும் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி ஏற்க மறுத்தார். அதனால் கீழ்சபையில் எங்கள் கட்சித் தலைவராக இருந்த கெவின் மெக்கார்த்தி ஐந்து பேரையும் திரும்ப அழைத்துக்கொண்டார். மிச்சம் இருந்த இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள், லிஸ் சேனியும் ஆடம் கின்ஸிங்கரும், பெலோசி தேர்ந்தெடுத்தவர்கள். குறுக்கு விசாரணை கிடையாது. ஏபிசி நியூஸின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்டனைக் கூப்பிட்டு, நிகழ்ச்சி தயாரிப்பது போலத் தயாரித்து, இரவு நல்ல நேரத்தில் ஒளிபரப்பினார்கள். இதை விசாரணை என்கிறீர்கள். நான் சீரியல் என்பேன்.

ஈரிக்கரையான்

தம்பி, எதிர்பார்த்தேன். வரிசையாக வருகிறேன்.

பென்காஸியைத் தேர்தல் வேலை என்று நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கெவின் மெக்கார்த்தியே 2015 செப்டம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொன்னார்: ஹிலாரியை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள், நாங்கள் பென்காஸி குழு போட்டோம், இப்போது அவருடைய செல்வாக்கு எங்கே இருக்கிறது பாருங்கள் என்று. அந்த உளறலுக்குப் பிறகு பத்தே நாளில் சபாநாயகர் போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அடுத்த சில வாரத்தில் ஹிலாரியைக் கூப்பிட்டு ஏறக்குறைய 11 மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார்கள். அன்று இரவு அவர் முன்பைவிடத் தெம்பாகத்தான் வெளியே வந்தார். 2016 ஜூனில் ஏறத்தாழ 800 பக்க அறிக்கை வந்தது. அவர் மீது புதிதாக ஒரு குற்றமும் அதில் இல்லை. செலவு சுமார் 70 லட்சம் டாலர்.

சர்வர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், அது அந்தக் குழுவால் வந்தது. அந்த சர்வர் அவர் செய்த முட்டாள்தனம். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் மாதக்கணக்கில் மன்னிப்புக் கேட்காமல் வழவழா கொழகொழா என்று பதில் சொன்னது.

ஜனவரி 6 பற்றி. முதலில் இரு தரப்பும் சமமாக ஆட்களை நியமிக்கும் வெளி ஆணையம் ஒன்றுக்குத்தான் திட்டம். தலைக்கு ஐந்து பேர். கீழ்சபையில் 252க்கு 175, அதில் 35 பேர் உங்கள் கட்சி. செனட்டில் 54க்கு 35. பெரும்பான்மை இருந்தும், செனட்டில் தடையைத் தாண்டத் தேவையான 60 தேறாததால் 2021 மே மாதம் அது செத்தது. கொன்றவர் செனட்டில் உங்கள் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல். சமமான ஆணையத்தை நீங்களே தடுத்துவிட்டு, பிறகு வந்த குழுவைப் பார்த்து ஒருதலைப்பட்சம் என்று அழுதால் எப்படி?

அங்கே சாட்சி சொன்னவர்களைப் பாருங்கள். கேஸிடி ஹட்சின்ஸன், ட்ரம்ப்பின் வெள்ளை மாளிகை அலுவலகத் தலைவர் மார்க் மெடோஸின் உதவியாளர். பில் பார் ட்ரம்ப்பின் அட்டர்னி ஜெனரல். ரஸ்டி பவர்ஸ் அரிசோனா கீழவையின் சபாநாயகர். பிராட் ராஃபென்ஸ்பெர்கர் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர். எல்லோரும் குடியரசுக் கட்சி. இதில் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரைக் காட்டுங்கள்.

யாழினி

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஒரு சந்தேகம். சம்மன் அனுப்பினால் போயே ஆக வேண்டும்தானே? பிறகு எப்படி இவ்வளவு பேர் "வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜாலியாக இருக்கிறார்கள்?

சட்டப்படி

யாழினி, நல்ல கேள்வி. இந்த இழையில் கட்சி எதுவானாலும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

காங்கிரஸுக்குச் சாட்சிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் உண்டு என்று 1927இல் உச்ச நீதிமன்றம் மெக்ரெய்ன் எதிர் டாஹெர்ட்டி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது டீப்பாட் டோம் எண்ணெய் வயல் ஊழல் சமயத்தில் எழுந்த வழக்கு. அதிகாரம் இருக்கிறது. அதைச் செலுத்தும் கைதான் இல்லை.

வராதவரை என்ன செய்யலாம்? ஒன்று, சபையே தன் காவலரை அனுப்பிப் பிடித்து வந்து அடைக்கலாம். சட்டப்படி இன்னும் முடியும், ஆனால் 1930களுக்குப் பிறகு யாரும் செய்யவில்லை. இன்னொன்று, 1857இல் வந்த சட்டப்படி அவமதிப்பு என்று தீர்மானம் போட்டு வழக்குத் தொடரச் சொல்லி நீதித் துறைக்கு அனுப்பலாம். ஒரு வருடம் வரை சிறை. ஆனால் நீதித் துறை யார் கையில்? குடியரசுத் தலைவர் கையில். அவருடைய ஆள் மீது அவருடைய துறையே வழக்குப் போடுமா? 2012இல் ஆயுதக் கடத்தல் விசாரணையில் காகிதம் தர மறுத்ததற்காக அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை அவமதிப்புக் குற்றவாளி என்று சபை 255க்கு 67 என வாக்களித்தது. வழக்கு? கிடையாது. அவர் தலைமை தாங்கிய துறையேதான் வழக்குப் போட வேண்டும்!

கடைசி வழி, சிவில் வழக்கு. இதில்தான் இழுத்தடிப்பு. வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த டான் மெகானுக்கு 2019 ஏப்ரலில் சம்மன் போனது. அவர் வந்து உட்கார்ந்து பதில் சொன்னது 2021 ஜூனில், அதுவும் மூடிய அறையில். அதற்குள் ட்ரம்ப்பின் முதல் ஆட்சியே முடிந்துவிட்டது.

இதையும் சேர்த்துப் பாருங்கள்: கீழ்சபையின் ஆயுள் இரண்டே வருடம். புது சபை ஜனவரி 3 அன்று கூடும்போது பழைய சபையின் சம்மன்கள் காலாவதி. பெரும்பான்மை மாறிவிட்டால் குழுவும் போச்சு. எனவே விசாரிக்கப்படுபவரின் வழக்கறிஞர் ஜெயிக்கவே வேண்டாம். நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாலே போதும்.

ஜனவரி 6 குழுவின் சம்மனை மதிக்காத ட்ரம்ப்பின் முன்னாள் ஆலோசகர்கள் ஸ்டீவ் பானனும் பீட்டர் நவாரோவும் 2024இல் ஆளுக்கு நான்கு மாதம் உள்ளே போனார்கள். அது அரிதான விதிவிலக்கு. அதுகூட அப்போதைய நீதித் துறை எதிர்க்கட்சி கையில் இருந்ததால் நடந்தது. அதே துறை மார்க் மெடோஸ் மீது அவமதிப்பு வழக்குப் போட மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டல்லாஸ் தம்பி என்னையும் ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்.

டல்லாஸ் தம்பி

சேர்க்கவில்லை ஐயா, நீங்கள் பாட்டுக்கு எழுதுங்கள். ஹோல்டரை நினைவுபடுத்தியதற்கு நன்றி வேறு.

பழைய பேப்பர்

வெகு நாளைக்குப் பிறகு உருப்படியான இழை. எனக்கு இதில் பிடித்த பகுதி குழுக்கள் அல்ல, சமாளிப்பவர்கள். அதில் தலைசிறந்த மாணவர், ரீகனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த மரைன் படை அதிகாரி ஆலிவர் நார்த் என்பேன்.

ஈரான்-கான்ட்ரா. 1986 நவம்பரில் வெடித்தது. லெபனானில் பிடிபட்டிருந்த அமெரிக்கப் பணயக் கைதிகளை மீட்க ஈரானுக்கு ரகசியமாக ஏவுகணை விற்றது ஒரு பக்கம். அந்தப் பணத்தை, காங்கிரஸ் கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்டது இன்னொரு பக்கம். நார்த்தின் அலுவலகத்தில் காகிதங்களைக் கத்தை கத்தையாகக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். அவருடைய செயலாளர் ஃபான் ஹால் சில ஆவணங்களை உடைக்குள்ளும் காலணிக்குள்ளும் ஒளித்து வெளியே எடுத்துப்போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

1987 ஜூலையில் இரு சபைகளின் கூட்டு விசாரணை. தலைமை டேனியல் இனோயே, லீ ஹாமில்டன். நார்த் என்ன செய்தார்? அதுவரை சாதாரண உடையில் வேலைக்குப் போய்வந்த மனிதர், மார்பு நிறையப் பதக்கங்களோடு மரைன் படைச் சீருடையில் வந்து உட்கார்ந்தார். ஆறு நாள். ஆமாம், காங்கிரஸிடம் பொய் சொன்னேன், காகிதத்தைக் கிழித்தேன், நாட்டுக்காகச் செய்தேன் என்றார். தந்திகள் வந்து குவிந்தன, குற்றவாளிக்கு ஆதரவாக! விசாரித்தவர்கள்தான் வில்லன் போலத் தெரிந்தார்கள்.

அதைவிடக் கூத்து பின்னால் நடந்தது. சாட்சி சொல்லவைப்பதற்காகக் காங்கிரஸ் அவருக்கு ஒரு பாதுகாப்புக் கொடுத்தது: நீ இங்கே சொல்வதை உனக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த மாட்டோம் என்று. சிறப்பு வழக்கறிஞர் லாரன்ஸ் வால்ஷ் அதைச் செய்யாதீர்கள் என்று தலையால் அடித்துக்கொண்டார். 1989இல் மூன்று குற்றங்களில் நார்த் தண்டிக்கப்பட்டார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. காரணம், தொலைக்காட்சியில் நாடே பார்த்த அந்த வாக்குமூலம் வழக்கின் சாட்சிகள் மனதிலும் படிந்திருக்கலாம் என்பது. அவருடைய மேலதிகாரி பாயின்டெக்ஸ்டருக்கும் இதே கதை. பொது விசாரணையே குற்ற வழக்கைக் கொன்றது. மிச்சம் இருந்தவற்றை மூத்த புஷ் 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆறு பேருக்கு மன்னிப்புக் கொடுத்து முடித்துவைத்தார்.

குடியரசுத் தலைவர் ரீகன் தப்பித்த விதம் தனி. 1987 மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் வந்து, ஆயுதத்தைக் கொடுத்துப் பணயக் கைதிகளை வாங்கவில்லை என்று முன்பு உங்களிடம் சொன்னேன், என் மனசு இன்னும் அதையே சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் வேறு சொல்கின்றன என்ற பொருளில் பேசினார். ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்கும், ஒப்புக்கொள்ளாத மாதிரியும் இருக்கும். இதுவரை எந்த அரசியல்வாதியும் இதைவிட நன்றாக எழுதப்பட்ட சமாளிப்பைப் படித்ததில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

யாழினி

க்ளின்டனை விட்டுவிட்டீர்களே ஐயா?

பழைய பேப்பர்

விடவில்லை அம்மா, மூச்சு வாங்கினேன். மோனிகா லெவின்ஸ்கியோடு உறவு இல்லை என்று 1998 ஜனவரி 26 அன்று விரலை நீட்டி மறுத்தவர் ஆகஸ்ட் 17 அன்று ஒப்புக்கொண்டார். நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வீண் இல்லை. முதல் வாரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருடைய கட்சியே போகச் சொல்லியிருக்கும். ஏழு மாதத்தில் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே அவருக்காகப் பேசி மாட்டிக்கொண்டார்கள், மக்களுக்கும் அலுத்துவிட்டது, விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் கென்னத் ஸ்டார் மீது எரிச்சலும் வந்துவிட்டது. நவம்பரில் நடந்த இடைக்காலப் பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி கீழ்சபையில் 5 இடம் கூடுதலாக வாங்கியது. பதவி போனது க்ளின்டனுக்கு அல்ல, சபாநாயகர் கிங்ரிச்சுக்கு. டிசம்பர் 19 அன்று கீழ்சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு எடுத்த கேலப் கணிப்பில் க்ளின்டனுக்கு 73 சதவீதம் ஆதரவு. அதற்கு முன்னும் பின்னும் அந்த அளவு அவருக்கே வந்ததில்லை.

அடுத்த சபாநாயகர் ஆக வேண்டிய பாப் லிவிங்ஸ்டன் அதே நாளில் தன் சொந்தக் கள்ள உறவு வெளிவந்து விலகினார். மடியில் கனம் உள்ளவர்கள் எல்லாம் சேர்ந்து ஒருவர் மடியைச் சோதித்த கதை அது.

டல்லாஸ் தம்பி

சூப்பர் ஐயா. ஆனால் இதுதான் நான் சொல்ல வருவது. ஈரிக்கரை அண்ணன் "சொந்தக் கட்சி கைவிட்டால்" என்கிறார். எப்போது கைவிடுகிறார்கள் என்று பாருங்கள். காலியாகும் நாற்காலி யாருக்குப் போகும் என்பதுதான் கணக்கு. இதில் அண்ணனின் கட்சி கில்லாடி.

2017 டிசம்பரில், பாலியல் புகாரில் சிக்கிய மின்னசோட்டா செனட்டர் ஆல் ஃபிராங்கனைச் சொந்தக் கட்சி செனட்டர்களே வெளியே போ என்றார்கள். நெறிமுறைக் குழு விசாரணை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஏன்? மின்னசோட்டா ஆளுநர் ஜனநாயகக் கட்சி, அதே கட்சியில் இன்னொருவரை நியமித்துவிடுவார். நியமித்தார், டினா ஸ்மித். ஆக நஷ்டம் இல்லை, புண்ணியம் மட்டும் லாபம்.

2019 பிப்ரவரியில் வர்ஜீனியா ஆளுநர் ரால்ஃப் நார்தமின் கல்லூரி ஆண்டுமலரில், கறுப்பினத்தவரைக் கேலி செய்யும்படி கறுப்புச் சாயம் பூசிய முகப் படம் இருந்தது வெளியே வந்தது. முதல் நாள் நான்தான் என்றார், அடுத்த நாள் நான் இல்லை என்றார். எல்லோரும் போகச் சொன்னார்கள். அந்த வாரமே துணை ஆளுநர் ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ் மீது பாலியல் புகார். அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் தானும் ஒரு காலத்தில் முகத்தில் சாயம் பூசியதாக ஒப்புக்கொண்டார். மூவரும் போனால் நாற்காலி யாருக்கு? கீழவை சபாநாயகர் கிர்க் காக்ஸுக்கு, அவர் குடியரசுக் கட்சி. உடனே சத்தம் அடங்கிவிட்டது பாருங்கள்! நார்தம் 2022 ஜனவரி வரை முழுப் பதவிக்காலமும் இருந்தார்.

ஈரிக்கரையான்

நார்தம் விஷயத்தில் சத்தம் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். வர்ஜீனியாவின் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் அவர் இருக்கட்டும் என்று கணிப்பில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கணக்கு எல்லா இடத்திலும் வேலை செய்யாது. க்ளின்டன் போயிருந்தால் ஆல் கோர் வந்திருப்பார், அதே கட்சி. ஆனாலும் கைவிடவில்லை. பொய்யும் மோசடியுமாக மாட்டிக்கொண்ட நியூயார்க் உறுப்பினர் ஜார்ஜ் சான்டோஸ் விஷயத்தில் உங்கள் கட்சிக்குக் கீழ்சபையில் நூலிழைப் பெரும்பான்மைதான் இருந்தது. நெறிமுறைக் குழு அறிக்கை 2023 நவம்பரில் வந்தது, டிசம்பர் 1 அன்று 311க்கு 114 என வெளியேற்றினார்கள். 105 பேர் குடியரசுக் கட்சி. இடம் அடுத்த பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் டாம் ஸ்வாஸிக்குப் போனது. போகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். தள்ளியவர்களில் முன்னால் நின்றவர்கள் நியூயார்க்கின் மற்ற குடியரசுக் கட்சி உறுப்பினர்கள். அவனை வைத்துக்கொண்டு எங்கள் தொகுதியில் எப்படி ஓட்டுக் கேட்பது என்பது அவர்கள் கவலை.

நாற்காலி யாருக்கு என்பதைவிட, இவனைக் காப்பாற்றினால் என் நாற்காலிக்கு என்ன ஆகும் என்பதே பெரிய கணக்கு.

சட்டப்படி

அந்தக் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அதை வைத்துப் பார்த்தால் உங்கள் தலைப்பில் ஒரு ஓட்டை தெரிகிறது.

2021இல் ட்ரம்ப்பின் இரண்டாவது பதவிநீக்க விசாரணையில் கீழ்சபையில் 10 குடியரசுக் கட்சியினர், செனட்டில் 7 பேர் எதிராக வாக்களித்தார்கள். 57க்கு 43. தேவைப்பட்டது 67. சொந்தக் கட்சியிலிருந்து அத்தனை செனட்டர்கள் ஒரு குடியரசுத் தலைவருக்கு எதிராக வாக்களித்தது அதற்கு முன் நடந்ததில்லை. என்ன ஆயிற்று? அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் மறுபடி நிற்கவே இல்லை. நான்கு பேர் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் தோற்றார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர், டேன் நியூஹவுஸும் டேவிட் வலடேயோவும். லிஸ் சேனி வயோமிங்கில் ஏறத்தாழ 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

1974இல் கோல்ட்வாட்டர் நிக்ஸனிடம் போனபோது நிக்ஸனின் ஆதரவு நாடு முழுவதும் 24 சதவீதத்துக்கு வந்திருந்தது. கட்சித் தலைவர்கள் முன்னால் போகவில்லை, வாக்காளர்களுக்குப் பின்னால் போனார்கள். 2022இல் வாக்காளர்கள் நகரவில்லை. முதல் இரவு விசாரணையை ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 845 பக்க அறிக்கை வந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய பாதிப் பேர் அப்போது வேறு சேனலில் இருந்தார்கள். 1973இல் பெரிய சேனல்கள் மாறி மாறிக் காட்டியது ஒரே எர்வினைத்தான்.

ஆகவே கட்சித் தலைவர்கள் கைவிட்டால் போதாது, கட்சியின் உள்தேர்தல் வாக்காளர் கைவிட வேண்டும்.

டல்லாஸ் தம்பி

அந்த வாக்காளர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: நாங்கள் வேறு சேனலில் இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் நீங்கள் எத்தனை முறை ஓநாய் வருகிறது என்று கத்தியிருந்தீர்கள் என்பதுதான்.

ஈரிக்கரையான்

ஓநாய் 2021 ஜனவரி 6 அன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்தது தம்பி. நேரலையில் பார்த்தோம்.

கத்துவது பற்றிப் பேசினால் கீழ்சபையின் மேற்பார்வைக் குழுவை நடத்திய உங்கள் கட்சியின் ஜேம்ஸ் கோமரைப் பற்றியும் பேச வேண்டும். 2023 செப்டம்பரில் பைடன் மீது பதவிநீக்க விசாரணை. முதல் நாளே அவர்கள் கூப்பிட்ட நிபுணர் ஜொனாதன் டர்லி, இப்போது இருக்கும் ஆதாரம் பதவிநீக்கத்துக்குப் போதாது என்று சொல்லிவிட்டார். பைடனும் அவர் மகன் ஹன்டரும் லஞ்சம் வாங்கினார்கள் என்ற கதைக்கு மூலமான எஃப்பிஐ தகவலாளி அலெக்சாண்டர் ஸ்மிர்னோவ் பொய் சொன்னதாக 2024 பிப்ரவரியில் கைதாகி, பிறகு குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். கடைசியில் 291 பக்க அறிக்கை போட்டார்கள், வாக்கெடுப்பு மட்டும் நடத்தவில்லை. சொந்தக் கட்சியிலேயே எண்ணிக்கை தேறாது என்று தெரியும்.

நெறியாளர்

இதுவரை நாகரிகமாகப் போகிறது, அப்படியே போகட்டும். தனிமடலில் வந்த இரண்டு புகார்களுக்கும் பதில்: "சீரியல்" என்பது வசைச்சொல் அல்ல.

பழைய பேப்பர்

சொந்தக் கட்சி ஆட்சியையே ஒழுங்காக விசாரித்தவர் ஒருவர் உண்டு, இந்த இழையில் யாரும் பெயர் சொல்லவில்லை. ஹாரி ட்ரூமன். 1941 மார்ச்சில் வெறும் 15,000 டாலர் நிதியோடு செனட்டில் ஒரு குழு. போர்த் தளவாட ஒப்பந்தங்களில் நடக்கும் வீணடிப்பையும் மோசடியையும் பார்ப்பது வேலை. ஆட்சியில் இருந்தது ரூஸ்வெல்ட், ட்ரூமனின் சொந்தக் கட்சி. நாடு அந்த வருடமே போருக்குள் போனது. ஆனாலும் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பழுதான விமான இயந்திரங்களையும் தரம் குறைந்த எஃகுத் தகடுகளையும் கண்டுபிடித்தார்கள். அறிக்கைகள் எல்லா உறுப்பினரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டு வெளிவந்தன. அந்த வேலையால்தான் 1944இல் அவர் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆகும் அளவுக்கு வளர்ந்தார். சொந்த ஆட்களை விசாரித்தவருக்குப் பதவி உயர்வு!

இப்போதும் அப்படி ஒன்று கொஞ்சம் நடந்தது. 2025 நவம்பரில், பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிடச் சொல்லும் மசோதா. சபாநாயகர் ஜான்சன் அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. அவரைத் தாண்டிக் கொண்டுவரும் மனுவுக்கு 218 கையெழுத்து வேண்டும். ஜனநாயகக் கட்சியினர் எல்லோரும் போட்டும் போதவில்லை. நான்கு குடியரசுக் கட்சியினர் போட்டார்கள்: தாமஸ் மாஸி, மார்ஜோரி டெய்லர் கிரீன், லாரன் போபர்ட், நான்சி மேஸ். வாக்கெடுப்பு உறுதியான பிறகு எல்லோருக்கும் ஞானம் பிறந்துவிட்டது. 427க்கு 1. ட்ரம்ப்பும் மறுநாளே கையெழுத்துப் போட்டார், மாதக்கணக்கில் எதிர்த்தவர்.

டல்லாஸ் தம்பி

அந்த நால்வரில் மூவர் கட்சியின் வலதுகோடி, அண்ணன் தினமும் கிண்டல் செய்பவர்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

கோமரின் ஹன்டர் பைடன் வேட்டையில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர் பிறகு தொட்ட விஷயம் சரியானது: பைடனின் உடல்நிலையை யார் மறைத்தார்கள் என்பது. வெள்ளை மாளிகை மருத்துவர் கெவின் ஓ'கானர் 2025 ஜூலையில் வந்து உட்கார்ந்து, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனின் சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல சான்று ஏது? எங்கள் கட்சி இரண்டு வருடம் விசாரித்துப் பைடனை அசைக்க முடியவில்லை. 2024 ஜூன் 27 அன்று விவாத மேடையில் அவர் தடுமாறினார். ஜூலை 2 அன்று உங்கள் கட்சியின் லாயிட் டாகெட் தேர்தல் போட்டியிலிருந்து விலகச் சொன்னார். ஜூலை 21 அன்று அவர் விலகிவிட்டார். 24 நாள்! சம்மன் இல்லை, சாட்சி இல்லை, அறிக்கை இல்லை. இப்போது நேராகக் கேட்கிறேன்: அடுத்து கீழ்சபை உங்கள் கையில் வந்தால், இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆட்களை நீங்களே கூப்பிட்டு விசாரிப்பீர்களா? யாரைக் கூப்பிடுவீர்கள்? பெயர் சொல்லுங்கள்.

ஈரிக்கரையான்

சொல்கிறேன். மருத்துவர் ஓ'கானரை மறுபடி கூப்பிட வேண்டும். ஐந்தாம் திருத்தம் அவர் உரிமை, ஆனால் நோயாளி எப்போது எப்படி இருந்தார் என்ற மருத்துவ அறிக்கைகளை எழுதி வெளியிட்டவர் அவர். அலுவலகத் தலைவராக இருந்த ரான் க்ளெய்ன், அவருக்குப் பின் வந்த ஜெஃப் ஸயன்ட்ஸ், கூடவே இருந்த மைக் டோனிலன், ஸ்டீவ் ரிச்செட்டி. இவர்கள் 2025இல் கோமர் முன்னால் வந்து பேசியவர்கள்தான். எங்கள் கட்சித் தலைமையில் ஒரு குழு முன்னாலும் வரட்டும், திறந்த அறையில், சத்தியப் பிரமாணம் செய்து. 2024 உள்தேர்தலில் டீன் ஃபிலிப்ஸ் ஒருத்தர் மட்டும் வயதைப் பற்றிப் பேசியபோது அவரைக் கட்சியே எப்படி நடத்தியது என்பதையும் அங்கே கேட்க வேண்டும்.

கூப்பிடுவார்களா என்றால், மாட்டார்கள். அடுத்த வேட்பாளர் தேர்தலில் நிற்கப் போகிற பாதிப் பேர் அன்று "அவர் நன்றாகத்தான் இருக்கிறார்" என்று தொலைக்காட்சியில் சொன்னவர்கள்.

இப்போது உங்கள் முறை தம்பி. ஜனவரி 6 விஷயத்தில் சத்தியப் பிரமாணம் செய்யவைத்துக் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் உங்கள் கட்சிக்காரர் ஒருவர் பெயர் சொல்லுங்கள்.

டல்லாஸ் தம்பி

மெக்கார்த்தி. அன்று மதியம் ட்ரம்ப்போடு தொலைபேசியில் என்ன பேசினார் என்று குழு கூப்பிட்டும் அவர் போகவில்லை. போயிருக்க வேண்டும். மெடோஸும். இதை என் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் என்னை வெளியே தள்ளிவிடுவார்கள், அதனால் இங்கேயே இருக்கட்டும்.